ஆவாரை: வெயிலைத் தாங்கும், குட்டையைத் தாங்காது

சென்னையின் மேற்குப் புறநகரில், வேலப்பன்சாவடிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்குத் தோட்டத்துக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நாலைந்து அடி அகலத்தில் ஒரு பட்டை நிலம்தான். அதையும் மண் என்று சொல்ல முடியாது. மனையைச் சாலை மட்டத்துக்கு மேலே தூக்க லாரியில் வந்து விழுந்த சவுடு, அதோடு கலந்த செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, டைல்ஸ் சில்லு. தோண்டிக் கீழே போனால் பழைய வயற்களி. ஏப்ரலில் இந்தப் பட்டை சுட்ட ஓடுபோல் இறுகும், நவம்பரில் சேறாகும். இதில் ரோஜாவையும் செம்பருத்தியையும் வைத்து, எருவும் மருந்துமாகச் செலவழித்து, கடைசியில் மாவுப்பூச்சிக்குப் படையல் போடுகிறவர்களே அதிகம்.

அதே மண்ணில், அதே வெயிலில், பெரிய செலவில்லாமல் நிற்கக்கூடிய நாட்டுப் புதர் ஆவாரை. தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும். இந்தியாவின் வறண்ட பகுதிகளும் இலங்கையும் இதன் சொந்த மண். தெலங்கானாவில் இதுதான் மாநில மலர், பதுக்கம்மாப் பண்டிகையில் அடுக்கும் பூக்களில் முக்கியமானது. நம் ஊர்ப்புறங்களில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்வது. இவ்வளவு மரியாதை இருந்தும் வீட்டுத் தோட்டத்தில் இதை வைப்பவர் குறைவு. "ரோட்டோரத்துல கெடக்கறதக் கொண்டாந்து வீட்டுல வெப்பாங்களா?" என்பார்கள். ரோட்டோரத்தில் யாரும் ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றாமல் அது பூக்கிறது என்பதற்காகவே நான் அதைச் சிபாரிசு செய்கிறேன்.

முதலில் அடையாளம். ஆள் உயரப் புதர், நல்ல இடத்தில் அதற்கு மேலும் போகும். ஒரு காம்பின் இருபுறமும் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி சிற்றிலைகள். பூ பளிச்சென்ற மஞ்சள், ஐந்து இதழ், கிளை நுனியில் கொத்தாக வரும். காய் தட்டையானது, முற்றிக் காய்ந்தால் காகிதம்போல் மெல்லியதாகச் சலசலக்கும். சந்தேகம் வந்தால் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். காது மடல் வடிவில் ஓர் அகன்ற பச்சைச் செதில் இருக்கும். அது இருந்தால் ஆவாரைதான். நெடுஞ்சாலையோர நர்சரிகளில் மஞ்சள் பூ என்று கேட்டால் தங்கரளி என்ற டெகோமாவை எடுத்து நீட்டுவார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து பூக்கும் சீமை அகத்தியும் அங்கிருந்து வந்ததே. இரண்டும் அழகுதான். ஆனாலும் இங்கே நாம் தேடி வந்தது வேறு.

தண்ணீர் எங்கே நிற்கிறது

சென்னைச் செடிகளைப் பற்றிப் பேசும் எல்லோரும் கோடையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆவாரைக்கு மே மாதம் பிரச்சினையே இல்லை. வேர் ஆழமாகப் போகிற செடி அது. வேலப்பன்சாவடியில் அதற்குச் சோதனை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பக்கத்தில் திருவேற்காட்டை ஒட்டிக் கூவம் ஓடுகிறது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மேற்குப் புறநகரில் தண்ணீர் எப்படி நின்றது என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடியில் களி இருக்கும் மனையில் மேலே காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் ஒரு முழம் கீழே வேர் ஊறிக்கொண்டிருக்கும். கற்பாங்கான சரிவிலும் ரயில் பாதை மேட்டிலும் வாழப் பழகிய செடி அதைப் பொறுக்காது. இலை மஞ்சளாகும், உதிரும், தை பிறக்கும்போது குச்சி மிஞ்சும். வெயிலில் காய்ந்துவிட்டது என்று அதற்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள்.

ஆகவே செடி வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து மாலையில் வாய்வரை தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையில் குழி காலியாக இருந்தால் கவலையில்லை, அப்படியே நடலாம். பாதித் தண்ணீர் நின்றால் மேடு கட்டித்தான் நட வேண்டும். ஓரடியிலிருந்து ஒன்றரையடி உயரம், மூன்றடி அகலம். இதற்குச் செம்மண் வாங்கக்கூடத் தேவையில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டையும் ஜல்லியையும் அடியில் பரப்பி, மேலே சவுட்டையும் கொஞ்சம் காய்ந்த இலைக்குப்பையையும் போட்டால் போதும். சுண்ணாம்பு கலந்த இடிபாட்டு மண்ணை ரோஜா வெறுக்கும், ஆவாரை பொருட்படுத்தாது. தொழுவுரம் குழிக்கு ஒரு கைப்பிடி போதும். கூடை கூடையாகப் போட்டால் செடி தழைத்துக்கொண்டே போகும், பூவைக் காட்டாது.

வெயில் முக்கியம். நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் விழாத இடத்தில் இதை வைக்க வேண்டாம். இரண்டு மூன்று மாடி வீடுகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் ஆவாரை நெட்டையாக ஓடி, மேலே நாலு பூ பூத்து, சாய்ந்துவிடும். அங்கே ஆடாதோடை வையுங்கள்.

விதை

நர்சரியில் நாற்றுக் கிடைத்தால் நல்லது, ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும். விதையிலிருந்து வளர்ப்பதே எளிது. பூந்தமல்லியைத் தாண்டி ஏரிக்கரைகளிலும் தரிசுகளிலும் இன்னும் செடிகள் நிற்கின்றன. பழுப்பாகிச் சலசலக்கும் நெற்றுகளை நான்கைந்து வெவ்வேறு செடிகளிலிருந்து பறித்துக்கொள்ளுங்கள். ஒரே செடியை மொட்டையடிக்க வேண்டாம். உரித்துப் பார்த்தால் பல விதைகளில் ஊசி குத்தினாற்போல் வட்டத் துளை இருக்கும். வண்டு உள்ளே தின்றுவிட்டுப் போன விதை அது, எறிந்துவிடலாம். நாட்டு மருந்துக் கடையிலும் ஆவாரை விதை கிடைக்கும். அது எத்தனை வருடப் பழசு என்று கடைக்காரருக்கே தெரியாது என்பதால் நான் அதை இரண்டாவது வழியாகத்தான் வைப்பேன்.

விதையின் தோல் கல்லைப் போன்றது, தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே புதைத்துவிட்டு முளைக்கவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் கழித்து அதில் விதைகளைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதைகளை மட்டும் விதையுங்கள். உப்பாதவற்றை உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாக உரசி மறுபடி ஊறப்போடலாம். விதையைக் கையில் பிடித்து உரசுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். உயரமான நாற்றுக் கவரில், அரை அங்குல ஆழத்தில், கவருக்கு இரண்டு விதை. ஒன்றிரண்டு வாரத்தில் முளை காட்டும். பால் பாக்கெட்டில் முளைக்கவைத்தால் ஆணிவேர் சீக்கிரமே அடியைத் தொட்டுச் சுருண்டுகொள்ளும், அது பிறகு நிமிராது. அதே காரணத்தால் நாற்று ஒரு முழம் வந்ததும் தாமதிக்காமல் மாற்றி நட வேண்டும்.

எப்போது நடுவது என்பது மேலே செய்த குழிச் சோதனையைப் பொறுத்தது. தண்ணீர் வடியும் மனையானால் ஆடியில் விதைத்து, புரட்டாசி முடிவதற்குள் நட்டுவிடுங்கள். பருவமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் நிற்கும் மனையானால் நாற்றுக் கவர்களை மழைக்காலம் முழுக்கத் திண்ணையிலோ மாடியிலோ வைத்திருந்து தையில் நடுங்கள். அப்படி நட்டால் முதல் கோடை மட்டும் வாரம் இரண்டு முறை தண்ணீர் காட்ட வேண்டியிருக்கும். போர் தண்ணீர் போதும். செடிக்குச் செடி ஐந்து அடி இடைவெளி. அடுத்த வருடத்திலிருந்து தண்ணீர்க் குழாயை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதே நீங்கள் செய்யும் உபகாரம். தெருமாடுகள் பொதுவாக இதில் வாய் வைப்பதில்லை, ஆகவே கேட்டுக்கு வெளியே நட்டாலும் தப்பிக்கும்.

அவரைக் குடும்பத்துச் செடி, அதனால் வேரில் முடிச்சு விட்டு மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சென்னா வகைச் செடிகளில் அந்த வேர்முடிச்சு பொதுவாகக் கிடையாது. மண்ணுக்கு இது தரும் லாபம் உதிரும் தழையால்தான். நெல் வயலில் ஆவாரந்தழையைப் போட்டு மிதித்த தலைமுறைக்கு அது தெரியும். உதிர்ந்ததைப் பெருக்கிக் குப்பை வண்டியில் போடாமல் செடியின் அடியிலேயே விடுங்கள்.

வருகிறவர்கள்

இந்த நூலில் அழகுக்காக மட்டும் எந்தச் செடியையும் சேர்க்கவில்லை. ஆவாரையிடம் யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வண்டுக்கு அது கொடுப்பது மகரந்தம் மட்டும், அதையும் எளிதில் கொடுப்பதில்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் திறக்கும். இதில் நுனியில் சிறு துளைதான் உண்டு. காலையில் செடியருகே நின்றால் பளபளக்கும் கருவண்டு, அதாவது தச்சுத் தேனீ, வந்து பூவைக் கட்டிப்பிடிப்பதைப் பார்க்கலாம். பறந்து வரும்போது ஒரு ரீங்காரம், பூவைப் பிடித்ததும் சட்டென்று சுருதி ஏறிய இன்னொரு ரீங்காரம். சிறகை மடக்கியபடியே மார்புத் தசையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் தூவி அதன் வயிற்றில் விழுகிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். நீல வரி போட்ட சிறிய காட்டுத் தேனீக்களுக்கு வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே செடியில் சில பூக்களின் சூல்தண்டு இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் வளைந்திருக்கும். வண்டின் ஒரு விலாவில் ஒட்டிய மகரந்தம், எதிர்ப்பக்கம் வளைந்த பூவின் சூல்முடியில் போய்ப் படிய இந்த ஏற்பாடு.

கருவண்டைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை, பெண் வண்டைக் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. அதற்குக் கூடு கட்டக் காய்ந்த மரம் வேண்டும். தோட்டத்தில் ஒரு மூங்கில் கழியையோ கை தடிமன் உள்ள பட்டுப்போன வேப்பங்கிளையையோ மழை படாத இடத்தில் சாய்த்து வைத்தால் உங்கள் மர ஜன்னல் பிழைக்கும். தேனுக்கு அது எருக்கைத் தேடிப் போகும். எருக்கம்பூவின் மகரந்தத்தைச் சுமப்பதும் இதே கருவண்டுதான். ஆகவே ஆவாரைக்கு அருகில் ஓர் எருக்கு இருப்பது நல்ல ஜோடி. வீட்டில் எருக்கு ஆகாது என்று பெரியவர்கள் தடுத்தால் வெள்ளெருக்கு வையுங்கள், பிள்ளையாருக்கு உகந்தது என்று ஒத்துக்கொள்வார்கள். அதன் பால் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வண்ணத்துப்பூச்சி. வெளிர் பச்சை கலந்த வெள்ளை நிறத்தில், உள்ளங்கையில் பாதி அளவில், நிற்காமல் வேகமாகப் பறக்கும் ஒன்றைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். மாட்டில்ட் எமிகிரன்ட் என்பார்கள். அது முட்டையிடுவது ஆவாரை போன்ற சென்னா வகைச் செடிகளின் கொழுந்தில். வெள்ளையாக, நுனி கூர்த்து, ஒவ்வொன்றாக நிற்க வைத்தாற்போல் இருக்கும். வெளிவரும் புழு இலைப் பச்சை. விலாவில் வெளிர்கோடும் அதை ஒட்டிக் கறுப்புப் புள்ளி வரிசையும் ஓடும். இலையின் நடு நரம்பை ஒட்டிப் படுத்திருந்தால் தேடினாலும் தெரியாது. முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க இந்த வெயிலில் மூன்று நான்கு வாரம். சிறிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சியான காமன் கிராஸ் எல்லோவும் இதில் முட்டையிடும்.

நல்ல மழைக்குப் பிறகு கொழுந்து விடும்போது புழுக்கள் ஒரேயடியாக வரும். செடியின் ஒரு பக்கம் ஈர்க்குச்சியாகிவிடும். பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும்: "என்னக்கா, செடி பூரா புழுவா நெளியுது, மருந்து வாங்கி அடிக்கக் கூடாதா?" இதற்கு நான் சொல்லித்தரும் பதில்: "அது பட்டாம்பூச்சிக் குட்டிம்மா, பதினஞ்சு நாள் பொறு." இலை போனதால் ஆவாரை சாகாது, அடுத்த கொழுந்தைத் தள்ளும். தின்னப்பட்ட இலைதான் இந்தத் தோட்டத்தின் மகசூல். வேப்பெண்ணெய் இயற்கை மருந்துதானே என்று தெளிக்கிறவர்கள் உண்டு. புழுவுக்கு அதுவும் விஷமே. தெருவில் கொசுப் புகை அடிக்க வண்டி வரும் நாள் தெரிந்தால், உங்கள் சுவரோரம் மட்டும் வேண்டாம் என்று தன்மையாகக் கேட்டுப் பாருங்கள், சில சமயம் கேட்பார்கள். புழு ஏராளமாக இருக்கும் வாரத்தில் தையல்சிட்டும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் வந்து கணக்கைச் சரிசெய்வதையும் காணலாம். புழு இல்லாமல் சிட்டு வராது. தானியத்தைக் கிண்ணத்தில் வைத்தாலும் தன் குஞ்சுக்குத் தையல்சிட்டு தேடுவது பூச்சியைத்தான்.

எறும்பு வந்தால் பதற வேண்டாம். சிற்றிலைகள் ஜோடி சேரும் இடங்களில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன, அவற்றில் கசியும் இனிப்புக்கு அவை வருகின்றன. சாக்பீஸ் கோடு தேவையில்லை. தண்டில் வெள்ளையாகப் பஞ்சு போல் மாவுப்பூச்சி அடை தெரிந்தால் மட்டும் கவனியுங்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம், மோசமான கிளையை வெட்டி மூட்டை கட்டிவிடலாம்.

வெட்டுவது

சென்னை மாகாணத்தில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையில் நடந்தது. பட்டையில் அவ்வளவு டானின். மாதவரம், பல்லாவரம் தொட்டிகளிலிருந்து வேலூர்ப் பக்கத்துத் தொட்டிகள்வரை அதற்காக வண்டி வண்டியாகக் கிளை வெட்டப்பட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்ததும், குரோம் முறை பரவியதும் (குரோம்பேட்டைக்குப் பெயர் வந்த கதை அதுதான்) பட்டைக்கான தேவை குறைந்தது. தோட்டக்காரருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. மீண்டும் மீண்டும் வெட்டியும் அடியிலிருந்து துளிர்த்த செடி இது. ஆகவே கத்தரியை எடுக்கத் தயங்க வேண்டாம். தை மாதப் பூக்குவியல் முடிந்து நெற்று முற்றியதும், பங்குனி வாக்கில், மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். பூ கிளை நுனியில் வருவதால் எத்தனை புது நுனியோ அத்தனை கொத்து. வெட்டும் முன் கிளையைத் திருப்பிப் பார்த்துக் கூட்டுப்புழு தொங்குகிறதா என்று கவனியுங்கள். தொங்கினால் அந்தக் கிளையை அடுத்த வாரத்துக்கு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று செடிகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம்.

புதர் என்றால் பாம்பு வரும் என்ற பயம் இந்தப் பக்கத்தில் அதிகம், கூவம் பக்கத்திலேயே இருப்பதால் அதைத் தள்ளிவிடவும் முடியாது. அடித்தண்டு ஓரடி உயரத்துக்குக் கிளையில்லாமல் தெரியும்படி வைத்துக்கொண்டால் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும். எலி இல்லாத இடத்துக்குப் பாம்பு வருவதும் குறைவு, ஆகவே குப்பையையும் பழைய பலகைக் குவியலையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். தெருப்பக்கம் பார்த்த முகப்பை ஒழுங்காகக் கத்தரித்து வைத்தால் காடாக்கிவிட்டார்கள் என்ற பேச்சும் அடங்கும்.

பூ பறிப்பதைப் பற்றி. குளியல் பொடிக்கும் தேநீருக்கும் ஆவாரம்பூவைத் தேடுவோர் உண்டு. பாதிப் பூவை வண்டுக்கு விட்டுப் பறித்தால் எனக்கு ஆட்சேபமில்லை. சர்க்கரை நோய்க்குச் சாப்பிடுவதானால் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், இது தோட்ட நூல்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மொட்டை மாடியில் பழைய இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் இதை வளர்க்கலாம். அடியிலும் பக்கவாட்டிலும் துளையிட்டு, பாதி மண், கால் பங்கு மணல், கால் பங்கு செங்கல் ஜல்லி. தரையில் போல் ஓங்காது, இடுப்பளவில் நிற்கும், முட்டையிட வரும் பூச்சிக்கு அது போதும். வாளிச் செடிக்குக் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வேண்டும். மழைக்காலத்தில் வாளியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், துளை அடைத்திருக்கிறதா என்று மழை விட்ட நேரத்தில் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.